மாற்றுத்திறனாளிகளும் நம் தோட்டப்புறமும்: சுங்கை சிப்புட் மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியேறிய தாமான்களிலும் (வீடமைப்புப் பகுதிகளிலும்) ஓகேயு அட்டைக்கு, அதாவது மாற்றுத்திறனாளி அட்டைக்கு, விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும்போது பெற்றோரும் பாட்டிமாரும் பக்கத்து வீட்டாரும் கேட்கும் கேள்விகள் இவை. சில கோபத்தில் வந்தவை. சில, கதவைச் சாத்திக்கொண்டு மெல்லக் கேட்கப்பட்டவை. கேட்டவர்களின் பேச்சை முடிந்தவரை அப்படியே வைத்திருக்கிறேன்.

"எங்க தோட்டத்துல அப்படி யாருமே இல்லையே. நமக்கு எதுக்கு இதெல்லாம்?"

இருக்கிறார்கள். வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு, மலேசியாவில் பதினெட்டு வயதைக் கடந்தவர்களில் 11.1 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகை இயலாமையோடு வாழ்வதாகக் கண்டது. உலக அளவில் இது 16 விழுக்காடு என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஆனால் சமூகநல இலாகாவில் பதிந்துகொண்டவர்கள் நாட்டின் மக்கள்தொகையில் ஏறத்தாழ 2 விழுக்காடுதான். மீதிப்பேர் எங்கே? பெரும்பாலும் வீட்டுக்குள். சமையற்கட்டை ஒட்டிய அறையில்.

இலாகா ஏழு பிரிவுகளாகப் பதிகிறது: செவிப்புலன், பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்து வருவது. இந்த ஏழையும் மனத்தில் வைத்துக்கொண்டு லயத்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) வரிசையை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பேச்சு வராத பிள்ளை, ஆட்டிசம் உள்ள பிள்ளை, பக்கவாதத்தில் படுத்த தாத்தா, செம்பனை முள் பாய்ந்து பார்வை போனவர், மோட்டார் விபத்தில் முதுகெலும்பு முறிந்த இளைஞர், இனிப்புநீரால் (சர்க்கரை நோயால்) காலை இழந்த அண்ணன். இவர்கள் எல்லாரும் அந்தக் கணக்கில் வருகிறார்கள்.

இனிப்புநீரைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதே 2019 ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. எல்லா இனத்தாரிலும் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். புண் ஆறாமல் விரலை எடுத்து, பாதத்தை எடுத்து, பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! நேற்றுவரை பிறரை 'நொண்டி' என்று கூப்பிட்டவரே இன்று ஊன்றுகோலோடு நிற்கிறார். மாற்றுத்திறனாளிகள் நமக்கு அப்பாற்பட்ட யாரோ அல்லர். நாம் வயதாகும்போது போய்ச் சேரப்போகும் கூட்டமும் அதுதான்.

"முன்ஜென்மப் பாவம்னு சொல்றாங்களே? கர்ப்பமா இருந்தப்ப கிரகணத்தைப் பார்த்துட்டேன். என்னாலதானா?"

இல்லை, அம்மா. உங்களால் அல்ல.

இந்தக் கேள்வியைக் கேட்காத தாயை நான் பார்த்ததில்லை. மாமியார் கேட்டிருப்பார், பக்கத்து வீட்டு அக்கா கேட்டிருப்பார், அப்புறம் அந்தத் தாயே ராத்திரியில் தன்னைக் கேட்டுக்கொள்ளத் தொடங்கியிருப்பார். தகப்பனிடம் யாரும் கேட்பதில்லை என்பதையும் கவனியுங்கள். பிள்ளை பிறந்த பிறகு 'ராசியில்லாதவள்' என்று பேர் வாங்குவது பெண் மட்டும்தான். சில வீடுகளில் கணவன் விட்டுப் போய்விடுகிறான். அதற்கும் அவளையே குறை சொல்கிறார்கள்.

காரணங்கள் உடம்பில் இருக்கின்றன. பிரசவத்தின்போது மூளைக்குப் போதிய உயிர்வளி கிடைக்காமல் போவது ஒன்று. பிறந்த குழந்தைக்கு வரும் மஞ்சள் காமாலையைக் கவனிக்காமல் விட்டால் அது மூளையையும் செவியையும் பாதிக்கும். 'ஜி6பிடி' என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு இந்த ஆபத்து கூடுதல். அதனால்தான் நம் மருத்துவமனைகளில் பிறந்தவுடனேயே தொப்புள்கொடி இரத்தத்தில் அதைச் சோதிக்கிறார்கள். கர்ப்ப காலத்தில் ருபெல்லா வந்தால் குழந்தையின் கண், காது, இதயம் பாதிக்கப்படலாம். டவுன் சிண்ட்ரோம் என்பது 21-ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக அமைவது. ஆட்டிசத்துக்குப் பிள்ளை வளர்ப்புக் காரணம் அல்ல, தடுப்பூசியும் காரணம் அல்ல. நிறைய பிள்ளைகளுக்குக் காரணமே கண்டுபிடிக்க முடியாது. கிரகணம் இந்தப் பட்டியலில் எங்கும் இல்லை.

பாவத்தின் பலன் என்று நம்பினால் என்ன நடக்கிறது என்பதையும் பாருங்கள். தண்டனை என்று நினைத்தால் அதை அனுபவித்துத்தானே தீர்க்க வேண்டும்? பரிகாரத்துக்குப் பணம் போகிறது, பயிற்சிக்கு வயது போகிறது. மூன்று வயதில் பேச்சுப் பயிற்சிக்கு வரவேண்டிய பிள்ளை ஒன்பது வயதில் வருகிறது. சாமி கும்பிடுங்கள், நேர்த்திக்கடன் வையுங்கள், அது உங்கள் மனத்துக்குத் தெம்பு. ஆனால் கிளினிக் தேதியைத் தவறவிடாதீர்கள்.

"சொந்தத்துல கட்டினதாலதான் இப்படின்னு டாக்டரே சொன்னாரு."

இருக்கலாம். இரத்த உறவுக்குள் மணம் செய்யும்போது சில பரம்பரை நோய்கள் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடுகிறது. கூடுகிறது என்றால், வந்தே தீரும் என்று பொருள் அல்ல. நம் நாட்டின் 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் இந்துக்களின் வழக்கத்தை ஏற்று, தாய்மாமன் அக்காள் மகளை மணப்பதற்கு இன்றும் இடம் தருகிறது. அதனால் கட்டியவர்களைக் குற்றவாளியாக்க வேண்டாம். அடுத்த பிள்ளைக்கு முன் மரபியல் ஆலோசனை கேளுங்கள். அரசாங்க மருத்துவமனையில் பரிந்துரைக் கடிதம் கேட்டால் கொடுப்பார்கள்.

"விருந்தாளி வந்தா அவனை உள்ளே வச்சிருவோம். அவனுக்கும் அதுதான் நிம்மதி. அதையும் பாகுபாடுன்னு சொல்றீங்களா?"

சொல்கிறேன். இந்தப் பதிலைக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும்.

அக்காளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் தம்பியை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். கல்யாணப் படத்தில் அவன் இல்லை. தீபாவளிக்கு எல்லாருக்கும் ஒரே நிறத்தில் சட்டை எடுக்கும்போது அவனுக்கு மட்டும் எடுப்பதில்லை, 'அவன் எங்கே வெளியே போறான்' என்று. அவனுக்கு எதுவும் புரியாது என்று நினைத்துக்கொள்கிறோம். கற்றல் குறைபாடு உள்ளவர்களோடு பழகியவர்களைக் கேளுங்கள். கணக்கு வராது, தேதி சொல்லத் தெரியாது. ஆனால் தன்னை ஒளிக்கிறார்கள் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். வாசலில் காடி (கார்) வந்து நின்றால் யாரும் சொல்லாமலே எழுந்து உள்ளறைக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நிம்மதி யாருக்கு என்று அப்போது தெரிந்துவிடும்.

உள்ளேயே இருப்பதால் உடம்பும் கெடுகிறது. நடக்காத கால் மேலும் வலுவிழக்கிறது. பேச ஆள் இல்லாத வாய் இருந்த சொற்களையும் மறக்கிறது. இன்னொன்றையும் தயங்காமல் சொல்கிறேன்: ஒளித்து வைக்கப்பட்ட பிள்ளைக்கு, அதிலும் பெண் பிள்ளைக்கு, யாராவது தீங்கு செய்தால் வெளியே சொல்ல ஒரு ஆள்கூட இருக்காது. தீங்கு செய்கிறவனுக்கும் அது தெரியும். ஊர் அறிந்த பிள்ளைக்கு ஊரே காவல்.

'மறைக்கலைன்னா மூத்தவளுக்குக் கல்யாணம் ஆகாதே' என்பீர்கள். அந்தப் பயம் பொய் என்று சொல்ல மாட்டேன். சிலர் அந்தக் காரணத்தால் சம்பந்தத்தை முறித்திருக்கிறார்கள். ஆனால் நிச்சயம் முடிந்த பிறகு தெரியவந்து முறிவதுதான் பெண்ணுக்குப் பெரிய அடி. முதல் பேச்சிலேயே 'இவன் என் இளைய மகன், இவனுக்குப் பேச்சு வராது, எங்களோடுதான் இருப்பான்' என்று நிமிர்ந்து சொல்லுங்கள். எழுந்து போகிறவர்கள் போகட்டும். உட்கார்ந்திருப்பவர்கள் வீட்டுக்கு உங்கள் மகள் பயமில்லாமல் வாழப் போவாள்.

எங்கே தொடங்குவது என்றால், சின்ன இடத்தில் தொடங்குங்கள். முடிவெட்டும் கடை. பசார் மாலாம் இரவுச் சந்தையில் கூட்டம் சேருவதற்கு முந்திய நேரம். வெள்ளிக்கிழமைப் பூசை. ஊர் ஒரு மாதம் பார்க்கும், இரண்டு மாதம் பார்க்கும், பிறகு பார்ப்பதை விட்டுவிட்டு 'எங்கே தம்பியைக் காணோம்' என்று கேட்கத் தொடங்கும்.

"பாவம்னு சொன்னாக்கூடத் தப்பா?"

உங்கள் மனம் நல்லதுதான். ஆனால் கடையில் சக்கர நாற்காலியில் இருப்பவரை விட்டுவிட்டு, தள்ளிக்கொண்டு வந்தவரிடம் 'அவருக்குத் தேயிலையில் சீனி போடவா?' என்று கேட்கும்போது அந்த மனிதர் அந்த மேசையிலேயே இல்லாதவர் ஆகிவிடுகிறார். அவரிடமே கேளுங்கள். பார்வை இல்லாதவரைச் சாலை கடத்திவிட நினைத்தால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், 'உதவி வேண்டுமாங்க?' என்று கேட்டு, வேண்டும் என்றால் உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளக் கொடுங்கள். கோயில் வாசலில் நிற்கும் எல்லா ஊன்றுகோல்காரர் கையிலும் ஒரு வெள்ளியைத் திணிக்காதீர்கள். அவரும் சாமி கும்பிட வந்தவராக இருப்பார்.

"பள்ளிக்கூடத்துல இடம் இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. என்ன செய்றது?"

வாய்ச் சொல்லோடு திரும்பி வராதீர்கள். 2019 கல்வியாண்டிலிருந்து கல்வி அமைச்சின் 'யாரையும் திருப்பி அனுப்பாத கொள்கை' நடப்பில் இருக்கிறது. சிறப்புத் தேவை உள்ள பிள்ளை என்பதற்காக அரசாங்கப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுதிக் கொடுங்கள் என்றதுமே பல இடங்களில் பேச்சு மாறிவிடும். பிறகு மாவட்டக் கல்வி இலாகாவில் சிறப்புக் கல்வி அதிகாரியைப் பாருங்கள்.

நடைமுறையில் உங்களுக்கு எதிரில் இருப்பவை இவை. கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான ஒருங்கிணைப்பு வகுப்பை 'பிபிகேஐ' என்பார்கள். அது எல்லாப் பள்ளிகளிலும் இல்லை; தமிழ்ப்பள்ளிகளில் குறைவு. ஆகவே வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளையை, ஏற்கெனவே பேச்சு தாமதமான பிள்ளையை, தேசியப் பள்ளியில் சேர்க்கும் நிலை வருகிறது. ஒரே நேரத்தில் புது இடம், புது மொழி. இரண்டு வாரத்தில் பிள்ளை அழுகிறது, அம்மா நிறுத்திவிடுகிறார். தயவுசெய்து அவ்வளவு சீக்கிரம் நிறுத்தாதீர்கள். 2013-ஆம் ஆண்டின் சிறப்புக் கல்வி விதிகள், பிள்ளைக்கு எந்த வகுப்பு பொருந்தும் என்று பார்க்க மூன்று மாதம் வரையிலான சோதனைக் காலத்தைத் தருகின்றன. அந்தக் காலம் முழுவதும் போகட்டும். சேர்ந்துவிட்டால், சிறப்புத் தேவை மாணவர்களுக்கு மாதம் 150 வெள்ளி உதவித்தொகையும் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

தமிழ்ப்பள்ளி வாரியங்களுக்கும் பெற்றோர் சங்கங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மாணவர் எண்ணிக்கை குறைகிறது என்று ஒவ்வோர் ஆண்டும் கவலைப்படுகிறோம். நம் வாசலுக்கு வந்த பிள்ளையை அனுப்பிவிட்டு எண்ணிக்கைக்கு எங்கே போவது? பிபிகேஐ வகுப்பு வேண்டும் என்று விண்ணப்பம் போடுங்கள். வகுப்பறை, ஆசிரியர், துணைப் பணியாளர் என்று வேலை இருக்கிறது, ஆனால் கேட்காத இடத்துக்கு எதுவும் வராது.

'அந்தப் பிள்ளை என் பிள்ளை பக்கத்துல உட்கார்ந்தா படிப்பு கெட்டுப்போகும்' என்று எழுதிக் கொடுக்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். உங்கள் பிள்ளைக்கு எதுவும் தொற்றிக்கொள்ளாது. பள்ளியில் இவர்களோடு அது பழகாமல் விட்டதன் விளைவு, பிற்காலத்தில் உங்களுக்குப் பக்கவாதம் வந்து நீங்கள் குழறிப் பேசும்போது தெரியும்.

"மகளுக்குக் காது கேட்காது. பினாங்குல படிக்கிறா. லீவுக்கு வந்தா யாரோடும் பேசறதில்லை. திமிரா?"

அவள் பேசிக்கொண்டுதான் இருக்கிறாள். உங்களுக்கு அந்த மொழி தெரியவில்லை. காது கேளாதோருக்கான பள்ளி பினாங்கில் 1954 முதல் இயங்குகிறது. அங்கு கற்பது 'பிஐஎம்' எனப்படும் மலேசியச் சைகை மொழி. 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் அதை அதிகாரபூர்வ சைகை மொழியாக ஏற்றிருக்கிறது. எழுதப் படிக்கக் கற்பது மலாயில். வீட்டில் தமிழ். அம்மா பேசும்போது உதட்டசைவைப் படிக்கக்கூட அவளுக்கு வழியில்லை. சொந்த வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்திருக்கிறாள்.

ஐம்பது சைகை போதும், தொடங்குவதற்கு. சாப்பாடு, தூக்கம், வலி, பயம், பள்ளி, சிநேகிதி, கோபம். அவளையே ஆசிரியையாக வைத்துக்கொண்டு கற்றுக்கொள்ளுங்கள். தம்பி தங்கைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். அப்பாமார்தான் கையைத் தூக்கக் கூச்சப்படுகிறார்கள்.

"வேலைக்குப் போனா முகத்தைப் பார்த்ததும் 'பிறகு கூப்பிடுறோம்'னு சொல்லிடறாங்க."

தெரியும். விண்ணப்பத்தில் ஓகேயு என்று குறித்தால் நேர்முகத்துக்கே அழைப்பதில்லை. குறிக்காமல் போனால் 'ஏன் மறைத்தாய்' என்கிறார்கள்.

பொதுத்துறை வேலைகளில் ஒரு விழுக்காட்டை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கவேண்டும் என்று 1988-லேயே சுற்றறிக்கை வந்தது. இருபது ஆண்டு கழித்து 2008-இல் அதையே மறுபடியும் நினைவூட்ட வேண்டியிருந்தது. அந்த ஒரு விழுக்காடு எட்டப்படவே இல்லை. தனியார் துறைக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. இதை நினைத்தால் எனக்கு நெஞ்சு எரிகிறது, ஏனென்றால் நம் ஊரில் கணினியில் தட்டச்சு செய்யக்கூடிய, கணக்கு எழுதக்கூடிய, தையல் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வேலை கிடைத்தவர்களுக்கு இன்னொரு அநியாயம் நடக்கிறது. 'அவனுக்கு எதுக்குச் சம்பளம், பொழுது போனா சரிதானே' என்று காலையிலிருந்து மாலைவரை தட்டுக் கழுவவைத்துக் கையில் ஐம்பது வெள்ளியைக் கொடுத்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பெற்றோரும் நன்றி சொல்லிவிட்டு வருகிறார்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி, சிறு முதலாளிகளுக்கு அதே ஆண்டு ஆகஸ்டு முதல். மாற்றுத்திறனாளி என்றால் குறைத்துக் கொடுக்கலாம் என்று அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. ஈபிஎஃப் சேமநிதியும் சொக்சோ தொழிலாளர் காப்புறுதியும் பிடித்துக் கட்டவேண்டும். சம்பளத்தைக் குறைத்தால் தொழிலாளர் இலாகாவிலும், இவற்றைக் கட்டாவிட்டால் ஈபிஎஃப், சொக்சோ அலுவலகங்களிலும் புகார் கொடுங்கள்.

2023 ஜனவரியில் திருத்தப்பட்ட வேலைச் சட்டத்தின் 69F பிரிவு, வேலையிடத்தில் நடக்கும் பாகுபாட்டைத் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரிக்க வழி தருகிறது. அவருடைய உத்தரவை மீறும் முதலாளிக்கு 50,000 வெள்ளிவரை அபராதம். ஆனால் அது ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்கு. நேர்முகத்தில் திருப்பி அனுப்பப்பட்டவருக்கு அதில் வழி இல்லை.

குறைந்த சம்பளத்தில் வேலை செய்பவர்களுக்குச் சமூகநல இலாகா மாதாந்திர ஊக்கத்தொகை தருகிறது. 2021 வரவு செலவுத் திட்டத்தில் அது 450 வெள்ளி ஆனது. வேலை செய்ய இயலாதவர்களுக்கு அப்போது 300 வெள்ளி ஆக்கினார்கள். தொகையும் வருமான வரம்பும் அவ்வப்போது மாறும். இன்றைய நிலவரத்தை இலாகாவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

"செம்பனைக் குலை வெட்டும்போது மட்டை விழுந்து தோள் போச்சு. இனி தோட்டத்துல வேலை இல்லைங்கறாங்க."

முதலில் சொக்சோ. விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். வேலைக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் நடந்த விபத்தும் இதில் சேரும். மண்டோர் (கங்காணி) 'சின்ன அடிதான், எண்ணெய் தடவு' என்றாலும் அரசாங்க மருத்துவமனையில் காட்டிப் பதிவு செய்யுங்கள். பதிவு இல்லாத காயத்துக்குப் பிற்பாடு பணம் வாங்குவது மிகக் கஷ்டம். மருந்து தெளிக்கும் வேலையில் இருந்த பெண்கள் கண்ணெரிச்சலையும் தோல் புண்ணையும் சொல்லாமலே காலம் தள்ளினார்கள். பாரகுவாட் 2020-இல் தடை செய்யப்பட்டது. அதற்கு முன் அதைச் சுமந்த உடம்புகள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன.

பணத்தோடு விஷயம் முடிந்ததாக நினைக்காதீர்கள். 2007 முதல் சொக்சோவில் 'மீண்டும் வேலைக்கு' என்ற திட்டம் இருக்கிறது. உடற்பயிற்சி மருத்துவம், செயற்கை உறுப்பு, வேறு வேலைக்கான பயிற்சி, முதலாளியோடு பேசுவது எல்லாம் அதில் அடங்கும். குலை வெட்ட முடியாதவர் நாற்றுப்பண்ணையில், கிடங்கில், எடைப் பாலத்தில் வேலை செய்யலாம். லயத்து வீடு வேலையோடு கட்டிவைக்கப்பட்டிருக்கிறது என்பதால்தான் நம் ஆட்கள் காயத்தை மறைக்கிறார்கள். வீட்டைக் காலி செய்யச் சொன்னால் தனியாகப் போய்க் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். தொழிற்சங்கத்தில் சொல்லுங்கள், கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

"மனநோயும் இதுல சேருமா?"

சேரும். நம் மாநிலத்தில் இதற்கு ஒரு தனிச் சுமை இருக்கிறது. உலு கிந்தாவில் இருக்கும் பகாகியா மருத்துவமனை 1911-இல் தொடங்கியது. அது இருக்கும் தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊர்ப் பெயரையே நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் திட்டுவதற்குப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் காதில் குரல் கேட்கிறது என்று சொல்லும் பையனைக் குடும்பம் அங்கே கூட்டிப்போகத் தயங்குகிறது. பேய் ஓட்ட அழைத்துப் போகிறார்கள், அடி வாங்குகிறான், இரண்டு மூன்று ஆண்டுகள் வீணாகின்றன. ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய்க்கு எவ்வளவு சீக்கிரம் மருந்து தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போகவேண்டியதும் இல்லை. ஊர் அரசாங்க கிளினிக்கிலேயே தொடங்கலாம்.

மருந்து எடுத்துக்கொண்டு ஒழுங்காக வேலைக்குப் போகிறவரைப் பார்த்து 'அவன் மருந்து சாப்பிடறவன்' என்று கிசுகிசுக்காதீர்கள். அந்தக் கிசுகிசுப்பால்தான் நிறைய பேர் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள்.

"அட்டை எடுத்தா பிள்ளை மேல முத்திரை விழுந்துடாதா?"

முத்திரையை ஊர் எப்போதோ குத்திவிட்டது. அட்டையால் கிடைப்பது சலுகை மட்டும்தான்: அரசாங்க மருத்துவமனைக் கட்டண விலக்கு, கேடிஎம் ரயிலில் பாதிக் கட்டணம், இலவசக் கடப்பிதழ், மாதாந்திர உதவிகளுக்கான தகுதி. வேண்டாத இடத்தில் அட்டையைக் காட்ட வேண்டியதில்லை.

விண்ணப்பப் பாரத்தின் ஒரு பகுதியை மருத்துவர் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். அதோடு கோலகங்சார் மாவட்டச் சமூகநல இலாகாவில் கொடுக்கலாம், இணையத்திலும் பதியலாம். சிக்கல் வருவது பிறப்புப் பத்திரத்தில்தான். தோட்டத்தில் பிறந்து, பெற்றோர் திருமணம் பதியாமல், பத்திரமே எடுக்காமல் விட்ட பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். பேச முடியாத, நடக்க முடியாத பிள்ளைக்கு அடையாளப் பத்திரமும் இல்லையென்றால் அரசாங்கத்தின் கண்ணில் அது பிறக்கவே இல்லை. முதலில் தேசியப் பதிவிலாகாவுக்கு ஓடுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

"சக்கர நாற்காலியோட கோயிலுக்குள்ள வரக்கூடாதுன்னுட்டாங்க."

தெருவில் உருண்ட சக்கரம் தீட்டு என்றார்களாம். சாமியின் தேரும் தெருவில் உருண்டுதானே வருகிறது? ஈரத்துணியால் சக்கரத்தைத் துடைத்தால் ஒரு நிமிட வேலை. கோயில் நிர்வாகத்தார் இதைப் படித்தால் ஒரு கணக்கு சொல்கிறேன்: மலேசியத் தரநிர்ணயப்படி சாய்தளம் 1-க்கு 12 என்ற அளவில் இருக்கவேண்டும். ஓரடி உயரப் படிக்குப் பன்னிரண்டு அடி நீளம். செங்குத்தாக மூன்றடிக்கு ஒரு பலகையைச் சாய்த்து வைப்பது சாய்தளம் ஆகாது, அதில் ஏறினால் பின்னால் கவிழ்ந்துதான் விழுவார்கள். கும்பாபிஷேகத்துக்குத் திரட்டும் பணத்தில் சிறு பங்கு போதும். அன்னதானத்துக்குத் தரையில் உட்கார முடியாதவர்களுக்கு நாலு மேசை போடுங்கள்; முழங்கால் வலிக்கிற பாட்டிகளும் வாழ்த்துவார்கள்.

கடைத்தெருவும் இதே கதைதான். காக்கி லீமா நடைபாதையில் கடைக்குக் கடை தளத்தின் உயரம் மாறுகிறது. மிச்ச இடத்தில் மோட்டார் நிற்கிறது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பார்வையற்றோருக்காகப் பதித்த மஞ்சள் ஓடுகள்மேலேயே காடியை நிறுத்துகிறவர்களில் நம்மவர்களும் உண்டு.

"சட்டம் ஒண்ணும் இல்லையா நம்ம நாட்டுல?"

இருக்கிறது, பல் இல்லாமல். 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், பொது இடங்கள், போக்குவரத்து, கல்வி, வேலை, பண்பாட்டு வாழ்க்கை எல்லாவற்றிலும் உரிமை உண்டு என்று சொல்கிறது. மறுத்தவருக்கு என்ன தண்டனை என்று அதில் எழுதப்படவில்லை. அரசாங்கத்தின்மேல் வழக்குப் போட முடியாதபடி பாதுகாப்புப் பிரிவுகளையும் சேர்த்தே எழுதினார்கள். கூட்டரசு அரசியலமைப்பின் 8(2) பிரிவு சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் ஆகியவற்றின் பெயரால் பாகுபாடு கூடாது என்கிறது. 2001-இல் பாலினத்தையும் சேர்த்தார்கள். உடற்குறை அதில் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐநா உடன்படிக்கையை மலேசியா 2010-இல் ஏற்றது, 15, 18 பிரிவுகளுக்கு ஒப்பமாட்டோம் என்ற குறிப்போடு. நம் சமூகத்திலிருந்து பத்மாவதி கிருஷ்ணன் சக்கர நாற்காலியில் மேலவைக்குச் சென்று மாற்றுத்திறனாளிகளுக்காகப் பேசியிருக்கிறார். சட்டத்துக்குப் பல் வைப்பது அடுத்தடுத்து வரும் உறுப்பினர்களின் வேலை. தேர்தல் நேரத்தில் வேட்பாளர் வீட்டுக்கு வரும்போது இதைக் கேளுங்கள்.

அதுவரை புகாரை எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். மனித உரிமை ஆணையமான சுஹாகாம் விசாரிக்கும். வீட்டில் அடியோ பட்டினியோ பாலியல் தொல்லையோ நடப்பது தெரிந்தால் 15999 என்ற எண்ணுக்கு அழையுங்கள், எந்த நேரத்திலும்.

"அவங்களுக்குக் கல்யாணம் தேவையா?"

தேவையா என்று அவர்களைக் கேளுங்கள். பார்வையற்ற இருவர் மணந்து, பார்வையுள்ள பிள்ளைகளை வளர்த்துப் படிக்கவைத்த குடும்பங்கள் இந்த நாட்டில் நிறைய உண்டு. அதே நேரத்தில், 'கட்டிவைத்தால் சரியாகிவிடும்' என்று மனநோய் உள்ள மகனுக்கு விவரம் சொல்லாமல் ஏழைப் பெண்ணைக் கட்டிவைப்பது இரண்டு பேருக்கும் செய்யும் துரோகம்.

"நாங்க போன பிறகு இவனை யாரு பார்த்துக்குவா?"

எல்லாக் கேள்வியும் இங்கேதான் வந்து நிற்கும். இதற்கு முழுப் பதில் யாரிடமும் இல்லை, ஆனால் இன்றே செய்யக்கூடியவை உண்டு.

அவன் பெயரில் வங்கிக் கணக்கு திறந்து வையுங்கள். உங்கள் ஈபிஎஃப் பணத்துக்கு வாரிசுப் பெயர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அவனால் பணத்தைத் தானாகக் கையாள முடியாது என்றால் அமானா ராயா என்ற அறங்காவல் நிறுவனத்திலோ வழக்கறிஞரிடமோ அறக்கட்டளை ஏற்பாடு பற்றிக் கேளுங்கள். நீங்கள் சொக்சோ கட்டியவர் என்றால், உங்களுக்குப் பின் சம்பாதிக்க இயலாத பிள்ளைக்கு, வயது கடந்தாலும் சார்ந்தோர் பணம் கிடைக்க வழி உண்டு. அதற்கு மருத்துவச் சான்று வேண்டும், அதை இப்போதே கோப்பில் வையுங்கள். அண்ணன் அக்காளோடு வெளிப்படையாக உட்கார்ந்து பேசுங்கள். 'அவள் பார்த்துக்கொள்வாள்' என்று மனத்துக்குள் முடிவு செய்துவிட்டு அவளிடம் சொல்லாமல் இருப்பது அவளுக்கும் நியாயம் இல்லை. சில ஆண்டுகளில் அவளுக்கும் குடும்பம் வரும். மாதத்தில் சில நாள், செலவில் ஒரு பங்கு என்று எல்லாரும் பிரித்துக்கொண்டால்தான் நிலைக்கும்.

பிடிகே எனப்படும் சமூக மறுவாழ்வு மையத்தில் சேருங்கள். 1984-இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கிய திட்டம் அது, இப்போது நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான மையங்கள் இருக்கின்றன. அங்கே அவன் பொத்தான் போடவும் சோறு வடிக்கவும் கற்றுக்கொள்வான். வீட்டிலும் நீங்களே ஊட்டிவிடுவதை நிறுத்துங்கள். சட்டையை மாட்ட அரைமணி நேரம் ஆனாலும் அவனே மாட்டட்டும். என்னென்ன மருந்து, எதைக் கண்டால் பயப்படுவான், எந்தப் பாட்டுக்கு அமைதியாவான், எந்தக் குழம்பைத் தொடமாட்டான் என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்று பக்கத்து வீட்டாருக்கும் தெரியட்டும்.